பெயர்ப்பலகைக்கு மாலை, உழைத்த கைக்கு மறதி

வீடியோ விளையாட்டைப்பற்றித் தமிழில் ஏதேனும் எழுதப் புகுந்தால் இரண்டு வகையார் உடனே எதிர்நிற்பர். "இலக்கியப் பகுதியில் இடம்பெறத் தக்க விஷயமோ இது?" என்று முகஞ்சுளிப்பவர் ஒரு வகையார். அவ்விளையாட்டுக்களை இரவு பகலாய் ஆடி, அவற்றின் வரலாறு முழுவதும் தமக்கே மனப்பாடம் என்று மார்தட்டுவோர் மற்றொரு வகையார். முதல் வகையாருக்கு நாம் நீண்ட விடை கூறப்போவதில்லை. மனிதன் கையாலும் அறிவாலும் ஆகிய தொழில் எதுவாயினும் அஃது ஆராய்ச்சிக்கு உரியதே என்பது இத்தகைய பத்திரிகைகளைப் படிப்போர் நெடுங்காலமாய் ஒப்புக்கொண்ட கொள்கை. தெருக்கூத்தையும் சினிமாவையும் இழிவு என்று தள்ளிய அதே வாய்கள் பின்னர் அவற்றுக்கு விழா எடுத்ததையும் நாடு கண்டிருக்கிறது. ஆகவே அவர்களைக் காலத்தின் கையில் ஒப்புவித்துவிட்டு, நாம் இரண்டாம் வகையாரோடு வழக்குக்கு வருகிறோம்.

வழக்கு இதுதான். ஆங்கிலக் கல்வியும் நல்ல ரசனையும் உடைய நண்பர் ஒருவர் 'மெட்டல் ஸ்லக்' என்னும் ஜப்பானிய ஆட்டத்தைப்பற்றி நம்மிடம் மணிக்கணக்காய்ப் பேசினார். 1996-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆட்டம் யாரும் எதிர்பாராமல் தோன்றிய அற்புதம் என்றும், அஃது எஸ். என். கே. கம்பெனியின் அழியாத புகழ் என்றும் அவர் கூறினார். நாம் இடைமறித்து, அதற்கு இரண்டாண்டு முன்னர் 1994-இல் ஐரெம் என்னும் வேறொரு கம்பெனியிலிருந்து வந்த 'கன்ஃபோர்ஸ் 2' என்ற ஆட்டத்தை அறிவீரோ என வினவினோம். அறிவேன் என்றார். "காண்ட்ராவின் நகல்; மெட்டல் ஸ்லக்கிற்கு ஒத்திகை" என்று இரண்டே சொல்லில் அதைத் தீர்த்தும் விட்டார். இத் தீர்ப்பு அவருடைய சொந்தத் தீர்ப்பன்று. இத்துறையில் எழுதுவோரும் பேசுவோரும் ஆண்டாண்டாய் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்லிவருவது. நகல், ஒத்திகை ஆகிய இவ்விரண்டு சொற்களும் பொருந்தாதவை என்பதே நம் வாதம். பொருந்தாமை மட்டுமோ, இச் சொற்களுக்கு அடியில் நம் சமூகத்தில் நாம் நாடோறும் காணும் பழைய நோய் ஒன்றும் கிடக்கிறது.

விளையாட்டை அறியாத வாசகர் பொருட்டு ஒரு சிறு விளக்கம். திரை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே செல்ல, ஆடுவோன் இயக்கும் வீரன் ஓடியும் தாவியும் குனிந்தும் இடைவிடாது சுட்டும் முன்னேறிச் செல்வது ஒருவகை ஆட்டம். இதனை ஓடிச் சுடும் ஆட்டம் என்று நாம் வழங்குவோம். வீட்டுப் பொறிகள் பெருகுமுன்னர் இவை பெரும்பாலும் கடைத்தெருக்களில் காசு போட்டு ஆடும் பெட்டிகளாக இருந்தன. காசு தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. ஆதலால் பார்த்தமாத்திரத்தில் கண்ணைப் பறிக்கவும், தோற்றவன் உடனே இன்னொரு காசு போடவும் செய்தல் வேண்டும் என்ற கட்டாயம் அவற்றைச் செய்தோருக்கு இருந்தது. இக் கட்டாயத்துக்கு உட்பட்டே அவர்கள் தங்கள் கலையைச் செய்தார்கள். நாடகக் கொட்டகையில் முன்வரிசைக்காரனையும் தரை டிக்கட்டுக்காரனையும் ஒருங்கே மகிழ்விக்க வேண்டியிருந்த நடிகனின் நிலைமையும் இதுவே.

இனி 'நகல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கோனாமி கம்பெனியின் 'காண்ட்ரா' 1987-இல் வந்தது. அது சிறந்த ஆட்டம். நாம் அதை மறுப்பவரல்லர். ஆனால் அதுவும் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. அதே கோனாமியின் 'கிரீன் பெரே' 1985-இலேயே ஒரு போர்வீரனைப் பக்கவாட்டில் ஓடவிட்டது. நாம்கோ கம்பெனியின் 'ரோலிங் தண்டர்' 1986-இல் துப்பாக்கியேந்திய ஒற்றனைக் கதவுகளுக்கும் மாடிகளுக்கும் இடையே நடத்திச் சென்றது. இவற்றுக்கும் முன்னர், 1984-இல், பக்கவாட்டில் நடந்து எதிர்வரும் பகைவர் கூட்டத்தை அடித்து வீழ்த்தும் முறையை உலகெங்கும் பரப்பிய ஆட்டங்களில் ஒன்று 'குங்ஃபூ மாஸ்டர்'. அதைச் செய்த கம்பெனி யாது? நண்பர் நகல்காரர் என்று இகழ்ந்த அதே ஐரெம்!

இன்னும் ஒன்று. 1991-இல் ஐரெம் வெளியிட்ட முதல் 'கன்ஃபோர்ஸ்' ஆட்டத்தில் வீரன் களத்தில் நிற்கும் வண்டிகளிலும் பீரங்கிகளிலும் ஏறி அவற்றைத் தன்வயமாக்கிப் போரிடலாம். 1987-ஆம் ஆண்டுக் காண்ட்ராவின் வீரன் தன் காலை நம்பி மட்டுமே ஓடினான். அவ் வரிசையின் மூன்றாம் ஆட்டம் 1992-இல் சூப்பர் நிண்டெண்டோ பொறிக்கு வந்தபோதுதான் அதன் முதற் கட்டத்தில் ஏறி ஓட்டத்தக்க ஒரு டாங்கி காணப்பட்டது. ஆண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு வழக்காடுவதாயின் யார் யாருக்கு நகல்? நாம் அவ்வாறு வழக்காட மாட்டோம். ஏனெனில் 1986-ஆம் ஆண்டின் 'இக்காரி வாரியர்ஸ்' ஆட்டத்திலேயே வீரர்கள் டாங்கியில் ஏறினார்கள், அஃது எஸ். என். கே. செய்தது. இவ்வாறு பின்னோக்கிச் செல்லச் செல்ல, ஒவ்வொன்றும் மற்றொன்றிலிருந்து வாங்கியும் மற்றொன்றுக்குக் கொடுத்தும் வந்திருப்பதையே காண்கிறோம். 'கலப்பற்ற குலம்' என்ற பொய்யை மனிதர் விஷயத்தில் நாம் நெடுநாள் எதிர்த்து வந்திருக்கிறோம். விளையாட்டுப் பெட்டி விஷயத்தில் மாத்திரம் அதனை ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன?

முதல் கன்ஃபோர்ஸைப்பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். அது நடுத்தரமான ஆட்டம். வண்டியேறும் புதுமை ஒன்றுதான் அதில் நினைவில் நிற்பது. வீரனுடைய நடையிலும் தாவலிலும் ஒரு விறைப்பு உண்டு. 1992-இல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு அதை மாற்றியபோது திரையில் உருவங்கள் மிகுந்தவுடன் ஆட்டம் தள்ளாடிற்று. இத்தகைய ஆட்டத்துக்கு ஒரு தொடர்ச்சி வந்தால் அதைத் திரும்பிப் பார்ப்பவர் சிலரே என்பதும் உண்மை. மேலும், அத் தொடர்ச்சிக்குத் தன் சொந்த நாட்டிலேயே தொடர்ச்சி என்ற பெயர் இல்லை! ஜப்பானில் அதற்கு 'ஜியோ ஸ்டார்ம்' என்று பெயரிட்டார்கள். பிற நாடுகளுக்கு அனுப்பியதே 'கன்ஃபோர்ஸ் 2'. ஆகவே ஜப்பானில் அதை ஆடியவனுக்கு அதன் முன்னோன் இன்னதென்று பலகை சொல்லவில்லை. அயல்நாட்டில் ஆடியவனுக்கோ, பலகை ஒரு நடுத்தர ஆட்டத்தின் பெயரைச் சொல்லிற்று. பிறந்தபோதே இருபுறமும் பெயரால் கெட்ட பிள்ளை அது.

இப்போது அந்தப் பிள்ளையை நேரில் பார்ப்போம். கன்ஃபோர்ஸ் 2-இல் வீரன் இரு கைகளிலும் துப்பாக்கி ஏந்தி நிற்கிறான். முதல் ஆட்டத்தின் விறைப்பு அவனிடம் காணோம். வண்டிகள் ஏராளம், நடக்கும் பொறிகளும் உண்டு, ஏறுவதும் இறங்குவதும் ஒரு நொடியில் நிகழும். ஆனால் நாம் முக்கியமாய்ச் சொல்ல விரும்புவது வரைந்த கையின் வேலையை. அக்காலத்து உருவங்கள் புள்ளி புள்ளியாய் வைத்துத் தீட்டியவை. ஒரு வண்டி உடைந்து சிதறவேண்டுமானால், சிதறும் ஒவ்வொரு நிலையையும் தனித்தனிப் படமாய்த் தீட்டவேண்டும். இவ்வாட்டத்தில் இரும்பு இரும்பாகவே காணப்படுகிறது. தகட்டின் பொருத்துவாயும், அழுக்கும், வெப்பத்தில் கருகிய விளிம்பும் தெரிகின்றன. வெடிப்பு என்பது வெறும் வெள்ளை வட்டமாக நில்லாமல், நெருப்பாய் எழுந்து புகையாய்த் திரண்டு துண்டுதுண்டாய் விழுகிறது. ஐரெம் தன் பெட்டிகளுக்குப் பயன்படுத்திய எம்-92 என்ற மின்பலகையில் பின்னணிக்கு மூன்று அடுக்குகள் உண்டு. அவ்வடுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாய் வெவ்வேறு வேகத்தில் நகர்த்தி ஆழங்காட்டும் வித்தையை அவர்கள் கரைத்துக் குடித்திருந்தார்கள். இதற்கு முந்திய ஆண்டாகிய 1993-இல் அதே பலகையில் வந்த 'இன் தி ஹண்ட்' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் ஆட்டத்தைப் பார்த்தவர், நகரத்தின் பாலங்களும் கட்டடங்களும் நீருக்குள் இடிந்து சரியும் காட்சியை மறக்கமாட்டார்.

ஒத்திகை என்பது அரங்கேறாத நாடகத்துக்குச் சொல்லும் சொல். கன்ஃபோர்ஸ் 2 அரங்கேறிய ஆட்டம். காசு வாங்கிக்கொண்டு ஆட வைத்த ஆட்டம். தொடக்கமும் முடிவும் உடையது. அதன் பின் வந்த ஆட்டம் மிகுந்த புகழ் பெற்றதனால் முன் வந்தது ஒத்திகையாய்விடுமோ? தங்கையின் திருமணம் சிறப்பாய் நடந்ததென்பதனால் அக்காளை ஒத்திகைப் பெண் என்று யாரும் சொல்லக் காணோம்.

ஆயின் அவ்வாட்டம் ஏன் மறைந்தது? நல்லதாயிருந்தால் நிலைத்திராதோ என்று நண்பர் கேட்டார். படித்தவர் வாயிலிருந்து வரத்தக்க கேள்வியன்று அது. நிலைத்தவை எல்லாம் நல்லவை என்றும், மறைந்தவை எல்லாம் அல்லவை என்றும் கொண்டால், மறுமலர்ச்சி என்ற சொல்லுக்கே இடமில்லை. நடந்தது என்னவெனில், அதே 1994-ஆம் ஆண்டில் ஐரெம் ஆட்டங்கள் செய்யும் வேலையை நிறுத்திக்கொண்டது. விளம்பரஞ் செய்ய ஆளில்லை. வீட்டுப் பொறிகளுக்கு மாற்றிக்கொடுக்கவும் ஆளில்லை. கடைத்தெருப் பெட்டிகள் ஒவ்வொன்றாய் அகற்றப்பட்டபோது ஆட்டமும் அவற்றோடு சென்றது. மதிப்பிட்டுத் தள்ளியவர் எவருமிலர். கடை அடைக்கப்பட்டது, அவ்வளவே.

கடை அடைக்கப்பட்டதே யொழிய, கைகள் அடைக்கப்படவில்லை. ஐரெமை விட்டு வெளியேறிய தொழிலாளர் சிலர் ஒன்றுகூடி நாஸ்கா என்ற சிறு கம்பெனியை அமைத்தார்கள். எஸ். என். கே.யின் நியோ ஜியோ என்னும் பொறிக்கு அவர்கள் செய்த ஆட்டங்கள் இரண்டு. ஒன்று கால்ஃப் பந்தாட்டம். மற்றொன்றுதான் மெட்டல் ஸ்லக். அதாவது, நண்பர் எஸ். என். கே.யின் அழியாத புகழ் என்று கொண்டாடிய ஆட்டம் ஐரெமின் பட்டறையில் தொழில் கற்றவர்கள் செய்தது. நாஸ்காவை எஸ். என். கே. விலைக்கு வாங்கிக்கொண்டது அதன் பிறகு. கன்ஃபோர்ஸ் 2-இலும் மெட்டல் ஸ்லக்கிலும் வேலை செய்தவர்களுள் ஒருவர் கசுமா குஜோ. அவர் பின்னர் மீண்டும் ஐரெம் பெயரில் இயங்கிய கம்பெனிக்கே சென்று வேறு நல்ல ஆட்டங்களைச் செய்து, 2011-இல் கிரான்செல்லா என்ற தம் சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார். பலகைகள் மாறின. ஆள் அதே ஆள்.

மெட்டல் ஸ்லக் முதலில் எவ்வாறு இருந்தது என்பதை அறிந்தால் நம் வாதம் இன்னும் விளங்கும். அதன் முதல் வடிவத்தில் ஓடும் வீரனே இல்லை. ஆடுவோன் இயக்கியது அந்தச் சிறு டாங்கியை மட்டுந்தான். பொதுமக்களிடம் வைத்துச் சோதித்தபோது அவ்வடிவம் எடுபடவில்லை. பிறகே வீரர்களைச் சேர்த்து, அவர்கள் டாங்கியில் ஏறவும் இறங்கவும் ஆக்கினார்கள். இடர்ப்பட்டபோது எங்கே திரும்பினார்கள் பாருங்கள்! ஓடுவது, சுடுவது, வண்டியேறுவது: 1991-இலும் 1994-இலும் கன்ஃபோர்ஸ் என்ற பெயரில் நடந்த தொழிலுக்கே. இதை அவர்கள் நினைத்துச் செய்தார்களோ, கைப்பழக்கத்தால் செய்தார்களோ, இரண்டும் நமக்கு ஒன்றே.

கையெழுத்தைப்பற்றி நமக்குச் சிறிது தெரியும். நாம் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கிறவர். பல கைகள் எழுதிய பழைய ஏடுகளைப் புரட்டிப் புரட்டி, கீழே கையொப்பம் இல்லாவிடினும் இஃது இன்னார் எழுத்து என்று சொல்லப் பழகிவிட்டோம். அதிலும் சுழியின் அழகைக் காட்டிலும் தவறுகளே ஆளை நன்கு காட்டிக்கொடுக்கும். இவ்வாட்டங்களையும் அப்படிப் பார்த்தோம். வெடியோசைகளையும் சுடும் ஓசைகளையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், சில ஒரே களஞ்சியத்திலிருந்து எடுத்தவை என்பது காதுக்கே புலனாகிறது. இரும்பைத் தீட்டும் முறை ஒன்று. பகைவரின் பெரும்பொறி சிறிது சிறிதாய் உடைந்து தன் உள்ளுறுப்பைக் காட்டும் முறை ஒன்று. தவறும் ஒன்றே! 1993-ஆம் ஆண்டு நீர்மூழ்கி ஆட்டத்தில் படங்களை அளவுக்குமீறித் திணித்ததனால் பொறி மூச்சுவாங்கி மெதுவாய் ஓடியது. 1998-இல் வந்த மெட்டல் ஸ்லக் 2-ஐப் பாருங்கள். வேறு கம்பெனி, வேறு பொறி, அதே மூச்சுவாங்கல். அதைச் சரிசெய்யவென்றே மறு ஆண்டு 'மெட்டல் ஸ்லக் எக்ஸ்' வெளியாயிற்று. இத்தனைக்கும் அவ்விரு பொறிகளின் அமைப்பும் வேறு. ஐரெமின் பலகையில் பின்னணிக்கென்று தனி அடுக்குகள் இருந்தன. நியோ ஜியோவிலோ பின்னணியையும் நகரும் உருவத் துண்டுகளாலேயே கட்டவேண்டும். புதிய பொறியின் இலக்கணத்தை முதலிலிருந்து கற்றுக்கொண்டும் பழைய கையெழுத்து மாறவில்லை.

இனி வழக்கின் மூலத்துக்கு வருவோம். இவர்கள் பெயர்களை மக்கள் ஏன் அறியவில்லை? மெட்டல் ஸ்லக் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் 'மீஹெர்' என்றும் 'அக்கியோ' என்றும் 'ஹியா!' என்றும் காணப்படுகின்றன. இவை மனிதர் பெயரோ, வீட்டில் செல்லமாய் அழைக்கும் பெயரோ? ஜப்பானிய ஆட்டக் கம்பெனிகள் பலவற்றில் அக்காலத்து வழக்கம் அது. உண்மைப் பெயரை வெளியிட்டால் போட்டிக் கம்பெனியார் நல்ல வேலைக்காரனை இழுத்துக்கொள்வர் என்ற அச்சத்தினால், தொழிலாளிக்கு ஒரு புனைபெயரைக் கொடுத்து மறைத்து வைத்தார்கள். முன்னர் நாம் கூறிய குங்ஃபூ மாஸ்டரை ஐரெமில் வகுத்தவர் தகாஷி நிஷியாமா. அவர் கேப்காம் கம்பெனிக்குச் சென்று 1987-இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' செய்தபோது, அதில் அவருக்கு வாய்த்த பெயர் 'பிஸ்டன் தகாஷி'! பின்னர் அவர் எஸ். என். கே.க்குச் சென்று 1991-இல் 'ஃபேட்டல் ஃப்யூரி' செய்தார். மூன்று கம்பெனிகளின் பெருமை என்று மூன்று இடத்தில் எழுதிவைத்திருப்பது ஒரே மனிதனுடைய கைத்திறனை.

மேல்நாட்டார் இதில் உத்தமர் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி ஆட்டஞ் செய்தவன் பெயரை வெளியிட மறுத்தது. வாரன் ராபினெட் என்பவர் 1980-இல் வெளிவந்த தம் 'அட்வென்ச்சர்' ஆட்டத்துக்குள் யாருக்கும் தெரியாத அறையொன்றைக் கட்டி அதில் தம் பெயரை ஒளித்துவைத்தார். 1979-இல் நான்கு பேர் அக் கம்பெனியை விட்டு வெளியேறி ஆக்டிவிஷனைத் தொடங்கியதற்குப் பெயர் மறுப்பும் ஊதியக் குறைவும் காரணங்களாயிருந்தன. தான் செய்த வேலைக்குத் தன் பெயரிட, சொந்த வீட்டில் திருடன்போல் ஒளியவேண்டிய நிலைமை!

இதை எழுதும்போது நம் மேசைமேல் கிடக்கும் செக்ரோல் ஏட்டை நோக்குகிறோம். காலைப் பிரட்டில் வந்தவர் யார், எந்த வரிசையில் யார் எத்தனை குலை வெட்டினார் என்பதெல்லாம் அதில் பெயர்ப்பெயராய் இருக்கிறது. மாதக் கடைசியில் அப் பெயர்களைக் கூட்டி ஒரு தொகையாக்குகிறோம். அத் தொகை தலைமை அலுவலகத்துக்குப் போய், வேறு தொகைகளோடு சேர்ந்து, ஆண்டறிக்கையில் வழவழப்பான தாளில் கம்பெனியின் சாதனையாய் வெளிவருகிறது. அங்கே வெட்டியவன் பெயர் ஒன்றுமில்லை. இதில் பிறரைக் குறைகூறி நாம் தப்பிக்கொள்ள முடியாது. பெயர்களை அழித்துக் கூட்டல் போடும் கை நம்முடையதே. ஆதலினாலேயே, "இது எஸ். என். கே.யின் புகழ்" என்று நண்பர் கூறியபோது நமக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு தொகையை ஒப்பித்து, அதுவே வரலாறு என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டார்!

இங்கே ஒரு வியப்பு. மெட்டல் ஸ்லக்கில் வீரன் செல்லும் வழியெங்கும் கட்டுண்டு கிடக்கும் போர்க்கைதிகளை விடுவிக்கலாம். தாடி வளர்ந்து அரையாடையோடு கிடக்கும் அவர்கள், கட்டு அவிழ்ந்ததும் தம்மிடமுள்ள ஏதேனும் ஒரு பொருளைக் கொடுத்து, வணக்கஞ் செய்துவிட்டு ஓடுவார்கள். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் விடுவிக்கப்பட்டவர் ஒவ்வொருவருடைய பதவியும் பெயரும் தனித்தனியே திரையில் வாசிக்கப்படும். இடையில் வீரன் ஓர் உயிரை இழந்தால் அதுவரை மீட்டவர் கணக்கு அழிந்துபோம்; ஆதலால் அப் பட்டியலைக் காக்க ஆடுவோன் அஞ்சி அஞ்சிச் செல்கிறான். கற்பனைக் கைதிகளுக்கு இத்தனை மரியாதை செய்தவர்கள், தங்கள் பெயரை வெளியிட உரிமை இல்லாதிருந்தவர்கள்! வேண்டுமென்றே செய்தார்களென்று நாம் துணிந்து கூறவில்லை. நகைச்சுவையாய்ச் செய்ததாகவும் இருக்கலாம். ஆயினும் அப் பட்டியல் திரையில் ஓடுகிறபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை.

மெட்டல் ஸ்லக்கைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. அது கன்ஃபோர்ஸ் 2-ஐ விடச் சிறந்த ஆட்டம் என்பதை ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறோம். கன்ஃபோர்ஸ் 2-இல் இரைச்சல் மிகுதி, நகைச்சுவை இல்லை, ஆடுவோனுக்கு மூச்சுவிட நேரமில்லை. மெட்டல் ஸ்லக்கின் பகைவர்களோ காவல் மறந்து கதை பேசுவார்கள். வீரனைக் கண்டதும் அலறி ஓடுவார்கள். அப் பகைவர் மேலும் நமக்கு இரக்கம் பிறக்கிறது. இரும்பையும் நெருப்பையும் வரையக் கற்ற கை, மனிதனை வரையக் கற்றது அந்த இரண்டாண்டில். இந்த வளர்ச்சியைக் காணவேண்டுமானால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். முன்னதை ஒத்திகை என்று குப்பையில் எறிந்தவனுக்குப் பின்னதின் வளர்ச்சி எங்ஙனம் தெரியும்? அவனுக்கு அஃது அற்புதமாய்த்தான் தோன்றும். காரணத்தை மறைத்தால் காரியம் அற்புதமாகிவிடுகிறது; கோயில் மண்டபங்களில் நாம் கேட்டு வளர்ந்த அற்புதக் கதைகளெல்லாம் இப்படிப் பிறந்தவைதாமே!

பெயர்ப்பலகையை வழிபடுவோர் அப் பலகையின் கதையையேனும் அறிவார்களா? எஸ். என். கே. 2001-இல் நொடித்துப்போயிற்று. 2002-இல் வந்த மெட்டல் ஸ்லக் 4-இல் கொரியக் கம்பெனி ஒன்றின் கை இருந்தது. முந்திய வரிசையைச் செய்தவர் பெரும்பாலோர் அதற்குள் பிரிந்துபோய்விட்டனர். ஆடிப்பார்த்தால், பழைய படங்களையே எடுத்து ஒட்டியிருப்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். பலகை அதே பலகைதான். கை போனபின் பலகையால் என்ன செய்ய முடிந்தது? பின்னர் அப்பெயர் பல கைமாறி, 2022-க்குள் சவூதி அரசகுமாரரின் அறக்கட்டளையைச் சார்ந்த கம்பெனி பங்குகளில் மிகப் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது. 2024-இல் அதே மெட்டல் ஸ்லக் பெயரில் வெளிவந்த புதிய ஆட்டம் பிரான்சு நாட்டில் செய்யப்பட்டது. இவற்றில் எது "எஸ். என். கே.யின் அழியாத புகழ்"? ஒசாக்காவில் தொடங்கிய கம்பெனியா, நொடித்துப்போனதா, விலைக்கு விற்றதா? நண்பர் எதற்கு மாலை போடுகிறார் என்பதை அவரே தெளிவுபடுத்தட்டும்.

கன்ஃபோர்ஸ் 2-ஐக் காப்பாற்றியவர் யாரென்று கேட்டால், முதலில் எந்தக் கம்பெனியுமல்ல. 1997-இல் தொடங்கிய 'மேம்' என்னும் முயற்சியில், ஊதியம் வாங்காத பல நாட்டு ஆர்வலர்கள் பழைய பெட்டிகளின் மின்பலகைகளை ஆராய்ந்து, அவற்றின் நடையை வீட்டுக் கம்ப்யூட்டரில் போலச்செய்து, ஆயிரக்கணக்கான ஆட்டங்களை மீட்டார்கள். எம்-92 பலகையில் ஒலிக்கென அமைந்த சில்லு பூட்டுப் போட்டு மறைக்கப்பட்டிருந்தது; அதையும் பொறுமையாய்த் திறந்தார்கள். அந்த வழியால்தான் நாமும் அவ்வாட்டத்தை முதன்முதல் கண்டோம். உரிமையுடையோர் தொகுப்பாய் வெளியிட்டு வீட்டுப் பொறிகளுக்கு அதைக் கொண்டுவர ஏறத்தாழ முப்பது ஆண்டு சென்றது. வந்தபின்னும் பேச்சில்லை, வழக்கம்போல் நகல், ஒத்திகை என்ற அதே இரண்டு சொற்கள்.

இதையே 'டிரெஷர்' கம்பெனியாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோனாமியை விட்டு 1992-இல் வெளியேறிய சிலர் அதை அமைத்து, 1993-இல் 'கன்ஸ்டார் ஹீரோஸ்' என்ற ஓடிச் சுடும் ஆட்டத்தைச் செய்தார்கள். அவர்களைப்பற்றி எழுதுவோர், முதலாளியின் கட்டை அறுத்து வெளிவந்த கலைஞர் என்று போற்றுகிறார்கள். மிக்க மகிழ்ச்சி, போற்றத்தக்கவர்களே. அதே காரியத்தை அதே பத்தாண்டில் செய்த நாஸ்காவினருக்கு மட்டும் ஏன் அந்த வாசகம் வாய்க்கவில்லை? அவர்களுடைய பலகையைப் பெரிய பலகை விலைக்கு வாங்கி மூடிவிட்டது. படித்த நம் நண்பர்கள் மூடிய பலகையைத் தூக்கிப் பார்க்கும் சிரமத்தை மேற்கொள்ளவில்லை.

நம்முடைய கோரிக்கை பெரிதன்று. நண்பரும் அவரையொத்த பிறரும் கன்ஃபோர்ஸ் 2-ஐ ஒருமுறை தொடக்கமுதல் முடிவுவரை ஆடட்டும். வண்டி உடையும் இடங்களில் படத்தை நிறுத்தி வைத்து, மெட்டல் ஸ்லக்கின் முதற் கட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டு ஆட்டங்களின் ஓசையையும் மாறிமாறிக் கேட்கட்டும். பிறகு நகல் என்றே எழுத விரும்பினால் எழுதட்டும். ஆனால் எதன் நகல், யாருடைய கையால், எந்த ஆண்டில் என்ற மூன்றையும் சேர்த்து எழுதவேண்டும். இம் மூன்றும் இல்லாத சீட்டை நம் அலுவலகத்தில் சம்பளத்துக்குக் கூட நாம் ஏற்பதில்லை.